நூறாவது படியில் நூறு புறா

கணித மேதை காஸின் கதையை அப்பா சொன்னபோது எனக்கு எட்டு வயது. அவர் கணக்கு வாத்தியார். திண்ணையில் புளியங்கொட்டைகளை முதல் வரிசையில் ஒன்று, அடுத்ததில் இரண்டு என ஐந்து வரைக்கும் படிக்கட்டாக அடுக்கினார். அதே மாதிரி இன்னொரு படிக்கட்டைத் தலைகீழாக ஒட்டி வைத்தார். வரிசைக்கு ஆறு, ஐந்து வரிசை, முப்பது, பாதி பதினைந்து. "ஜெர்மனியில ஒரு பையன் இதையே நூறு வரைக்கும் மனசுலயே போட்டுட்டான். 5050. வாத்தியார் அவனைத் தட்டிக்கொடுத்தார்" என்றார்.

முப்பது வருடம் கழித்து ஆசிரியர்களுக்கான ஒரு குறுவள மையக் கூட்டத்தில் சக ஆசிரியை அதே கதையைச் சொன்னார். அதில் வாத்தியார் சோம்பேறி. தான் சற்று ஓய்வாக உட்காரவே பிள்ளைகளுக்கு அந்தக் கூட்டலைக் கொடுத்தாராம். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அப்பா சொன்ன வாத்தியார் எங்கே போனார்?

காஸ் இறந்தது 1855-இல். மறுவருடமே அவருடைய நண்பர் சார்டோரியஸ் வாழ்க்கைக் குறிப்பு எழுதினார். அதில் இந்தக் கதை வரும் பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். பிரவுன்ஷ்வைக் நகரப் பள்ளி, சுமார் நூறு பிள்ளைகள், கையில் சாட்டையோடு நடக்கும் ஆசிரியர் பியூட்னர். கணக்கை முடித்தவன் சிலேட்டை மேசையில் கவிழ்த்து வைக்க வேண்டும். அடுத்தவன் அதன் மேல் வைப்பான். சிறுவன் காஸ் சிலேட்டை எறிந்து, 'இந்தா கிடக்கு' என்று ஊர்ப் பேச்சில் சொல்கிறான். எல்லாம் இருக்கிறது. 1 முதல் 100 வரை என்பது மட்டும் இல்லை! கணக்கு ஒரு கூட்டுத் தொடர்வரிசை என்பதோடு சரி. அந்தப் பக்கத்தை எத்தனை இரவு திரும்பத் திரும்பப் படித்தேனோ, நூறு வரவே இல்லை. கணிதவியலாளர் இ.டி.பெல் 1937-இல் எழுதிய நூலில் அது 81297-இல் தொடங்கி 198, 198-ஆக ஏறும் கணக்காகிவிட்டது. பிரையன் ஹேஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் இந்தக் கதைக்கு நூற்றுக்கு மேற்பட்ட வடிவங்களைத் திரட்டி 2006-இல் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார்.

சோர்ந்துபோய், கதையை விட்டுவிட்டுக் கணக்கைத் தேடினேன். அப்போது கிடைத்தது அந்த ஏணி. காஸுக்கு சுமார் ஆயிரம் வருடம் முந்தையது. பேரரசர் சார்லமேன் அரசவையில் ஆசிரியராக இருந்த அல்குயின் தொகுத்ததாகச் சொல்லப்படும் லத்தீன் கணக்குத் தொகுப்பு. இளையவர்களின் புத்தியைத் தீட்டுவதற்கென்றே எழுதியது. நூறு படி ஏணி. முதல் படியில் ஒரு புறா, இரண்டாவதில் இரண்டு, நூறாவதில் நூறு. மொத்தம் எத்தனை? விடையும் அங்கேயே இருக்கிறது: முதல் படியோடு 99-ஆவதைச் சேர், நூறு, இரண்டோடு 98, நூறு. இப்படி 49 ஜோடி. தனியே நிற்பவை ஐம்பதாம் படியும் நூறாம் படியும். 5050.

படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். புளியங்கொட்டை வைத்த அப்பாவுக்கு முன்னால் புறா வைத்த ஒரு வாத்தியார்! எங்கள் ஆட்கள் ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கிக் கடத்திவந்த சரக்கு இது.

மறுபடி சார்டோரியஸிடம் போனேன், இந்த முறை பியூட்னருக்காக. சாட்டை இருந்தது உண்மை. ஆனால் அந்தப் பையனுக்காக ஹாம்பர்க்கிலிருந்து புதுக் கணக்குப் புத்தகம் வரவழைத்ததும் அவர்தான். அவருடைய உதவியாளர், காஸைவிட எட்டு வயது மூத்த பார்ட்டெல்ஸ், பையனோடு உட்கார்ந்து சேர்ந்து படித்தார். பிற்காலத்தில் ருஷ்யாவின் கசானில் கணிதவியலாளர் லோபசெவ்ஸ்கிக்குக் கற்பித்ததும் இதே பார்ட்டெல்ஸ்தான்.

இந்தக் கதையை வகுப்பில் சொல்லும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: அந்த ஹாம்பர்க் புத்தகத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.