நிலவறையில் மூன்று புட்டிகள்

கால் நூற்றாண்டுக்கும் மேலாக நாள்தோறும் திருப்பலிப் பீடத்தில் திராட்சை இரசத்தைக் கையில் ஏந்தி வருபவன் நான். அது கலப்பற்றதாகவும் கெட்டுப்போகாததாகவும் இருத்தல் வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். அதற்கு மேல் அதன் சுவையைப் பற்றி நான் சிந்தித்ததில்லை. சிந்திக்க வைத்தவர் பிரான்சு நாட்டுப் பெரியவர் ஒருவர்.

2018ஆம் ஆண்டுக் கோடையில், போர்தோ நகருக்குக் கிழக்கே உள்ள சேன் எமிலியோன் பகுதியில், விடுமுறையில் சென்றிருந்த பங்குத்தந்தைக்குப் பதிலாக ஆறு வாரங்கள் பணியாற்றினேன். எட்டாம் நூற்றாண்டில் அங்கே தவமிருந்த எமிலியோன் என்னும் துறவியின் பெயரே ஊரின் பெயர். சுண்ணாம்புப் பாறையைக் குடைந்தே கோவில் அமைத்த ஊர் அது. வீடுகளுக்கு அடியிலும் பாறையைக் குடைந்த நிலவறைகள் உண்டு. நாள்தோறும் பூசைக்கு வரும் அப்பெரியவர், ஒரு மாலை என்னைத் தம் வீட்டு நிலவறைக்கு அழைத்துச் சென்றார்.

வெளியே கொளுத்தும் வெயில். உள்ளே மார்கழிக் குளிர். கோடையிலும் குளிர்காலத்திலும் வெப்பம் 12, 13 பாகையைவிட்டு அதிகம் நகராதாம். தக்கை உலர்ந்து காற்று புகாதிருக்கும் பொருட்டுப் புட்டிகள் யாவும் படுத்த நிலையில் உறங்கின. அவற்றுள் மூன்றை அவர் எடுத்து வைத்தார்.

முதலாவது 1982ஆம் ஆண்டினது. நல்ல வெயில் காய்ந்து பழம் செழித்த ஆண்டு. மெழுகுதிரி ஒன்றை ஏற்றி, புட்டியின் கழுத்துக்குப் பின்னே ஒளி விழுமாறு வைத்து, மெல்லக் குடுவையில் சரித்தார். அடியில் தங்கிய வண்டல் கழுத்தை எட்டியதும் நிறுத்தினார். “இளம் இரசத்தின் துவர்ப்புத்தான் நாளடைவில் ஒன்றோடொன்று கூடி இப்படி அடியில் படிகிறது, தந்தையே” என்றார். ஓரத்தில் செங்கல் நிறம். மழை நனைத்த மண்ணும் உலர்ந்த பழமும் கலந்த மணம். நாவில் பட்டது, கோபமே அறியாத ஒரு முதியவரின் பேச்சைப் போலிருந்தது.

இரண்டாவது 1975. தோல் தடித்த பழங்கள் விளைந்த ஆண்டு. நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்தும் கடுக்காயைக் கடித்தாற்போல் நாவை இழுத்தது. “பொறுத்திருந்தும் இது இன்னும் முழுதாக இளகவில்லை” என்று சிரித்தார்.

மூன்றாவதைத் துடைக்கும்போது அவர் கை நடுங்கியது. 1956 பெப்ருவரியில் வீசிய கடுங்குளிரில் அப்பகுதியின் கொடிகள் பெருமளவு பட்டுப்போயின. பதினாறு வயதில் தம் தந்தையோடு நின்று பட்ட கொடிகளைப் பிடுங்கி, புதியன நட்டவர் அவர். அத்தோட்டத்து 1964ஆம் ஆண்டு இரசம் இது. அவ்வாண்டே அவருக்குத் திருமணம். ஒவ்வொரு திருமண நாளிலும் மனைவி, “திறப்போமா?” என்பாராம். “இன்னும் கனியட்டும், பொன்விழாவுக்கு ஆகட்டும்” என்பாராம் இவர். பொன்விழாவுக்கு முந்திய ஆண்டில் மனைவி இறந்துவிட்டார்.

இரசத்தின் மட்டம் புட்டியின் தோளுக்குக் கீழே இறங்கியிருந்தது. தக்கை பொடிப்பொடியாய் உதிர்ந்தது. குடுவையில் விழுந்தது பழுப்பு நீர், மணம் காடி. அவர் ஒரு வாய் அருந்திவிட்டு நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “இருபது ஆண்டுகளுக்கு முன்பே இது நன்றாக இருந்திருக்கும். அவளும் இருந்தாள்” என்றார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எங்கள் தந்தையாரின் முப்பதாம் நாளன்று, வீட்டுப் பங்கைப் பற்றிய பேச்சில், என் தம்பியை உறவினர் நடுவே ஒரு சொல் சொல்லிவிட்டேன். அதன்பின் ஒன்பது ஆண்டுகள் நாங்கள் பேசவில்லை. காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்று பிறருக்குச் சொல்வதையே எனக்கும் சொல்லிக்கொண்டு வந்தேன். காலம் தானாக எதையும் கனிவிப்பதில்லை என்பதை அந்த நிலவறையில்தான் கண்டேன். அது சிலவற்றைக் கனிவிக்கிறது. சிலவற்றின் துவர்ப்பைத் தொடாமலே விட்டுவிடுகிறது. எல்லை கடந்து காத்திருப்பதை ஓசையின்றி வீணாக்கியும் விடுகிறது. வெளியிலிருந்து பார்க்க மூன்று புட்டிகளும் ஒன்றுபோலவே தூசி படிந்திருந்தன.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் தொலைபேசியில் தம்பியை அழைத்தேன். ஊரில் அப்போது நண்பகல் தாண்டியிருக்கும். “நான் சொன்னது தவறு, தம்பி” என்றேன். மறுமுனையில் நீண்ட மௌனம். பின்பு, “சாப்பிட்டீங்களா, அண்ணே?” என்று மட்டும் கேட்டான்.

குரலில் துவர்ப்பு இன்னும் இருந்தது. ஆனால் காடியாகிவிடவில்லை.