டிக் கண்டுபிடிக்கும், பிங் கைவிரிக்கும்

லினக்ஸில் ஓடும் பெரும்பாலான நிரல்கள் ஒரு சர்வரின் பெயருக்கு ஐபி முகவரி வேண்டுமென்றால் தாமாக டிஎன்எஸ்ஸிடம் போவதில்லை. ஜிலிப்சி என்ற சி நூலகத்தில் கெட்அட்ரின்ஃபோ என்றொரு ஃபங்ஷன் இருக்கிறது, அதைத்தான் கேட்கின்றன. அது முதலில் என்எஸ்ஸ்விட்ச் கோப்பைத் திறந்து, ஹோஸ்ட்ஸ் என்று தொடங்கும் வரியில் யாரை எந்த வரிசையில் விசாரிக்க வேண்டும் என்று பார்க்கிறது. வழக்கமாக முதலில் உள்ளூர் ஹோஸ்ட்ஸ் கோப்பு, பிறகு டிஎன்எஸ். டிஎன்எஸ்ஸின் முறை வந்தால் சர்வர் முகவரிகள் ரிசால்வ்.கான்ஃப் கோப்பிலிருந்து வரும்.

பெயர் கிடைக்கவில்லை என்றதும் பலரும் டிக் கட்டளையை ஓட்டுகிறார்கள். முன்வாசல் திறக்கிறதா என்று அறியக் கொல்லைப்புறக் கதவைத் தட்டுவது போன்ற வேலை இது. டிக், என்எஸ்ஸ்விட்சையும் பார்க்காது, ஹோஸ்ட்ஸ் கோப்பையும் பார்க்காது. நேரே டிஎன்எஸ் சர்வரிடம் போய்விடும். நிரல் போகும் வழியிலேயே போய்ப் பார்க்க 'கெட்என்ட் அஹோஸ்ட்ஸ்' கட்டளைதான் சரி. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாகப் பதில் சொன்னால், கோளாறு டிஎன்எஸ் சர்வரில் இருக்க வாய்ப்பு குறைவு, கணினிக்குள்ளேயே தேடலாம்.

இதற்குப் பேர்போன உதாரணம், அலுவலக சர்வர்களுக்கு .லோக்கல் என்று முடியும் பெயர் வைப்பது. டெஸ்க்டாப் லினக்ஸ் பலவற்றில் ஹோஸ்ட்ஸ் வரியில் டிஎன்எஸ்ஸுக்கு முன்பே எம்டிஎன்எஸ்4_மினிமல் உட்கார்ந்திருக்கும்; அதையடுத்துச் சதுர அடைப்புக்குள் 'நாட்ஃபவுண்ட்=ரிட்டர்ன்' என்றிருக்கும். .லோக்கல் பெயர் வந்தால் அது அக்கம்பக்கத்துக் கணினிகளிடம் விசாரிக்கும். இல்லையென்றால் 'இத்தோடு நிறுத்து' என்று திருப்பி அனுப்பிவிடும். டிஎன்எஸ் வரை கேள்வி போகவே போகாது. டிக் முகவரியைக் காட்டும், பிங் அப்படியொரு பெயரே இல்லை என்னும். பின்னால் வந்த பதிப்புகளில் சில விலக்குகள் சேர்க்கப்பட்டன. ஆனாலும் .லோக்கல், 2013-இல் வந்த ஆர்எஃப்சி 6762-இன்படி இப்படி அக்கம்பக்கத்தில் விசாரிக்கும் எம்டிஎன்எஸ் முறைக்கென்றே ஒதுக்கப்பட்டது. வரியைத் திருத்துவதைவிடப் பெயரை மாற்றுவதே நல்லது.

பிழைச் செய்தியையும் நிதானமாகப் படிக்க வேண்டும். பெயர் தெரியாது என்றால் தேடிப் பார்த்து இல்லையென்ற பதில் வந்திருக்கிறது. தற்காலிகத் தோல்வி என்றால் உருப்படியான பதிலே வரவில்லை. ரூட்டுக்குக் கிடைக்கும் பெயர் மற்ற பயனர்களுக்கு மட்டும் தற்காலிகத் தோல்வியானால், ரிசால்வ்.கான்ஃபின் அனுமதியைப் பார்க்க வேண்டும். அது 600 என்றிருந்தால் மற்றவர்களால் கோப்பைத் திறக்க முடியாது. அப்போது நூலகம் சத்தம் போடாமல் 127.0.0.1-ஐ சர்வராக எடுத்துக்கொள்ளும்; அங்கே பதில் சொல்ல ஆளிருக்காது.

பெயர் கிடைக்கிறது, ஆனால் சரியாக 5 விநாடி கழித்துத்தான் என்றால் அந்த 5 தற்செயல் அல்ல. ஜிலிப்சி ஒரு சர்வருக்காகக் காத்திருக்கும் இயல்பான நேரமே அதுதான். பட்டியலில் முதல் சர்வர் செத்துக் கிடக்கலாம். அல்லது ஐபிவி4, ஐபிவி6 கேள்விகள் இரண்டும் ஒரே சாக்கெட்டில் அடுத்தடுத்துப் போக, நடுவிலுள்ள ஃபயர்வால் ஒரு பதிலை விழுங்கியிருக்கலாம். இரண்டாவதற்கு 'சிங்கிள்-ரிக்வெஸ்ட்-ரீஓப்பன்' என்ற ஆப்ஷன் மருந்து.

சர்வரை மாற்றியும் பழைய சர்வரையே கேட்டுக்கொண்டிருக்கும் நிரல்கள் ஒரு காலத்தில் நிறைய. 2017-இல் வந்த ஜிலிப்சி 2.26 முதல், ரிசால்வ்.கான்ஃப் கோப்பு மாறினால் நூலகமே மறுபடி படித்துக்கொள்கிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் ரீஸ்டார்ட்தான் கதி.

ஆல்பைன் கன்டெய்னர்களில் இவற்றில் பாதி செல்லாது. அங்கிருப்பது மஸ்ல் நூலகம். என்எஸ்ஸ்விட்சை அது கண்டுகொள்வதில்லை. சர்வர்களை வரிசையாகக் கேட்காமல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்டு, முந்தி வரும் முடிவான பதிலை எடுத்துக்கொள்ளும். அலுவலக சர்வரையும் பொது சர்வரையும் சேர்த்து எழுதி வைத்தால், உள் பெயர் ஒரு தடவை கிடைக்கும், மறுதடவை கிடைக்காது. பொது சர்வரின் வரியை நீக்கிவிட்டு, வெளிப் பெயர்களையும் அலுவலக சர்வரே விசாரித்துச் சொல்லும்படி அமைத்தால் இது தீரும்.