தவறினாலும் காப்பது



ஆங்கிலத்தில் ‘பெயில்-சேஃப்’ என்றொரு கூட்டு உரிச்சொல் உண்டு. ‘ஒருபோதும் தவறாதது’ என்றே பலர் அதற்குப் பொருள் கொள்வர். உண்மைப் பொருள் அதுவன்று. தவறு நேரக்கூடும் என்பதை முன்னரே ஒப்புக்கொண்டு, தவறும்போதும் தீங்கு விளையாதவாறு அமைக்கப்பட்டது என்பதே அதன் பொருள். 1940-களில் பொறியியலாரிடையே வழங்கிய இச்சொல், 1962-இல் வெளிவந்த அணுப்போர் பற்றிய புதினம் ஒன்றின் தலைப்பாகிப் பொதுமக்களிடையேயும் பரவியது. கருத்தோ சொல்லினும் மூத்தது.

1889 ஜூன் 12 அன்று அயர்லாந்தின் அர்மா நகரிலிருந்து, ஞாயிறு பள்ளிச் சிறுவரையும் பெரியோரையும் ஏற்றிக்கொண்டு ஓர் இரயில் சுற்றுலா புறப்பட்டது. ஏற்றத்தில் எஞ்சின் திணறி நின்றது. பின்பெட்டிகளைக் கழற்றி நிறுத்திவிட்டு, முன்பெட்டிகளை மட்டும் முதலில் கொண்டுசெல்ல முனைந்தனர். அவ்வண்டியின் பிரேக்கோ எஞ்சினோடு இணைந்திருக்கும்வரை மட்டுமே பிடிக்கும். கழற்றப்பட்ட பெட்டிகள் சரிவில் உருண்டோடி, பின்னே வந்த இரயிலில் மோதின. ஏறக்குறைய 80 பேர் மாண்டனர். அவருள் சிறுவர் பலர்.

இத்தனைக்கும், அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872-ஆம் ஆண்டிலேயே மாற்றுவழி கண்டிருந்தார். அவரது பிரேக்கில், குழாயில் காற்றழுத்தம் உள்ளவரை சக்கரம் தடையின்றிச் சுழலும். குழாய் அறுந்தாலோ, அழுத்தம் குறைந்து பிரேக் தானே பற்றிக்கொள்ளும். பழுதே வண்டியை நிறுத்தும்! அர்மா துயரத்திற்குப் பின், அதே ஆண்டில், பயணிகள் இரயில்களுக்கு இத்தகைய தானியங்கு பிரேக் கட்டாயம் என்று பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது.

‘பெயில்’ என்ற சொல் நம் இல்லங்களிலும் ஆண்டுதோறும் ஒலிக்கிறது. தேர்வு முடிவு வெளியாகும் நாளில், வீட்டுக்குள் நுழைய அஞ்சித் தெருமுனையில் நிற்கும் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். வெற்றியோடு இணைந்திருக்கும்வரை மட்டுமே பற்றிக்கொள்ளும் பாசம், அர்மா வண்டியின் பிரேக்கைப் போன்றது. மிகத் தேவையான நேரத்தில் அது கைவிட்டுவிடும். தோல்வியுற்ற பிள்ளையின் கால்கள் தாமாகவே வீட்டை நோக்கித் திரும்ப வேண்டும். அத்தகைய இல்லமே ‘பெயில்-சேஃப்’ இல்லம்.

துணைத்தேர்வு எழுதி அவ்வாண்டே தேறிவிடலாம். இழந்த பிள்ளையை மீட்க வழியில்லை. பிரேக்கை விபத்து நடந்த பின் பொருத்த முடியாது. ஆகவே பெற்றோரே, “எந்த மதிப்பெண் வந்தாலும் நேராக வீட்டுக்கு வா” என்ற ஒரு வாக்கியத்தை, முடிவு வருமுன்னரே உங்கள் பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்.