பட்டத்தின் பின்னால் ஓடியவர்

2001ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை மாலை நேர்ந்த ஒரு தோல்வி இன்னமும் என் மனதை உறுத்துகிறது என்று சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். தேர்தல்களையும் போரையும் பேச்சுவார்த்தைகளையும் பக்கம் பக்கமாக எழுதிய ஒருவன், வட அமெரிக்காவில் நடந்த கூடைப்பந்தாட்டம் ஒன்றில் ஒரேயொரு புள்ளியால் தோற்ற அணிக்காக இருபது வருடங்களுக்கு மேலாக வருந்துவதா என்பது அவர்களது கேள்வி. கேள்வி நியாயமானதே. ஆனால், என் வருத்தம் முழுவதும் அந்த ஒரு புள்ளியைப் பற்றியதல்ல. அன்றைய இரவு நான் எழுதிய ஒரு கட்டுரையைப் பற்றியதும்தான்.

1997இல் கொழும்பை விட்டுப் புறப்பட்டு ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் அக்காவின் குடும்பத்தோடு ஆறு வருடங்கள் வாழ்ந்தேன். இரவில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டும் வேலை. பகலில் தூக்கம். கிடைத்த இடைவெளியில் அங்கே வெளிவந்த தமிழ் வாரப் பத்திரிகை ஒன்றுக்கு எழுதுவேன். பனிக்கால மாலைகளில் வெளியே போக வழியில்லாமல் தொலைக்காட்சியின் முன்னால் குந்தியிருந்தபோதுதான், அக்காவின் மகன், என் மருமகன், எனக்குக் கூடைப்பந்தாட்டம் கற்றுத் தந்தான். அவனுக்கு அப்போது எட்டு வயது. எங்கள் பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடங்களில் ஆடும் வலைப்பந்தாட்டத்தை மட்டுமே அறிந்திருந்த எனக்கு, வளையத்தின் பின்னால் ஒரு பலகை இருப்பதே முதலில் நியாயமற்ற சலுகையாகப் பட்டது. பந்தைத் தட்டிக்கொண்டே ஓடலாம் என்பதும் அப்படித்தான். "மாமா, இது வேற விளையாட்டு" என்று அவன் பொறுமையாகத் திருத்துவான்.

ரொறன்ரோ ராப்டர்ஸ் அணி 1995இல்தான் ஆடத் தொடங்கியது. கனடா பனிச்சறுக்கு ஹொக்கியின் நாடு. கூடைப்பந்தாட்டத்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் ஒன்ராறியோ மாகாணத்தில் பிறந்தவர் என்பதை அங்கே எல்லோரும் பெருமையாகச் சொல்வார்களே தவிர, ஆட்டத்தைப் பார்க்கும் பழக்கம் பழைய குடிகளிடையே அதிகம் இருக்கவில்லை. புதிதாக வந்த குடியேறிகளுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் புதிதாக வந்த இந்த அணி பொருந்திப் போயிற்று. ஹொக்கி ஆட உடைகளுக்கும் காலணிகளுக்கும் கொட்டிக் கொடுக்க வேண்டும். இதற்கு ஒரு பந்தும், மாடிக் கட்டடத்தின் பின்னால் ஒரு வளையமும் போதும்.

பிறகு வின்ஸ் கார்ட்டர் வந்தார். அவர் வளையத்தை நோக்கி எழும்பும்போது, இறங்கி வருவதற்கு அவசரமில்லாத மனிதரைப் போலத் தோன்றும். 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் நடந்த பந்தைக் குத்திப் போடும் போட்டியில் அவர் வென்ற பிறகு, ஸ்காபரோவில் 15ஆம் இலக்கச் சட்டை அணியாத பையன்களைக் காண்பது அரிதாயிற்று. என் மருமகனிடமும் ஒன்று இருந்தது. அக்கா அதைத் துவைப்பதற்காக அவனோடு சண்டை பிடிக்க வேண்டியிருந்தது.

2001இல் ராப்டர்ஸ் தனது வரலாற்றில் முதன்முறையாகப் பருவ முடிவுச் சுற்றுத் தொடர் ஒன்றில், நியூயோர்க் அணியை 3க்கு 2 என்று வென்றது. அடுத்த சுற்றில் எதிரே நின்றது பிலடெல்பியா. ஏழு ஆட்டங்களில் நான்கை வெல்பவர் முன்னேறுவார். அந்த ஏழு ஆட்டங்களையும் நான் வேலைக்கு விடுப்பு எடுத்தும், நேரத்தை மாற்றியும், இரண்டு முறை பொய் சொல்லியும் பார்த்தேன்.

அது இரு அணிகளின் தொடர் என்பதைவிட இரு மனிதர்களின் தொடர் என்றே சொல்ல வேண்டும். பிலடெல்பியாவின் அலன் ஐவர்சன் ஆறடி உயரமே உள்ளவர். அந்த ஆட்டத்தில் அது குள்ளம். இரண்டாவது ஆட்டத்தில் அவர் தனியாளாக 54 புள்ளிகள் எடுத்தார். மூன்றாவது ஆட்டத்தில் கார்ட்டர் 50 எடுத்து விடை சொன்னார். முதற்பாதியில் மட்டும் எட்டு முறை மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்து விழுத்தினார். ஐந்தாவது ஆட்டத்தில் ஐவர்சன் மீண்டும் 52. ஆறாவதில் கார்ட்டர் 39. மூன்றுக்கு மூன்று என்ற சமநிலையில் ஏழாவது ஆட்டத்துக்காக எல்லோரும் பிலடெல்பியா சென்றார்கள்.

ஒருவர் மட்டும் வேறு வழியாகச் சென்றார். அன்று காலை வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழா. மூன்றாம் வருடத்தோடு படிப்பை இடைநிறுத்திவிட்டுத் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்த கார்ட்டர், பட்டத்தை முடித்தே தீருவேன் என்று தாயாருக்கு வாக்குக் கொடுத்திருந்ததாகச் செய்திகள் வந்தன. கோடை விடுமுறைகளில் படித்து முடித்தும் விட்டார். காலையில் சப்பல் ஹில் நகரில் அங்கியணிந்து சக மாணவர்களோடு அமர்ந்திருந்துவிட்டு, தனி விமானத்தில் பிலடெல்பியாவுக்கு வந்து மாலையில் களமிறங்கினார். நீல அங்கியோடு அவர் நின்ற படத்தை ஆட்டம் தொடங்குமுன்னர் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். "களைச்சுப் போயிருப்பான் மாமா" என்றான் மருமகன். அவனுக்குப் பன்னிரண்டு வயது. நான் ஏற்கெனவே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டம் முழுவதையும் விவரிக்கப் போவதில்லை. கடைசி இரண்டு விநாடிகளை மட்டும் சொல்கிறேன். பிலடெல்பியா 88, ரொறன்ரோ 87. பந்து எங்கள் கையில். கோட்டுக்கு வெளியே நின்று டெல் கரி பந்தைக் கார்ட்டரிடம் எறிந்தார். கார்ட்டர் எறிவதுபோலப் பாசாங்கு செய்ய, காவல் நின்றவர் எழும்பி ஏமாந்தார். அரை விநாடிக்கு முன்னால் யாருமில்லை. கார்ட்டர் எறிந்தார். பந்து நேராகத்தான் போயிற்று. வளையத்தின் பின்விளிம்பில் பட்டு வெளியே தெறித்தது.

மருமகன் சத்தம் போடவில்லை. எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டான். மறுநாள் திங்கட்கிழமை விக்டோரியா தின விடுமுறை. அந்த வார இறுதியில் கனடாவில் வாணவேடிக்கை விடுவது வழக்கம். இருட்டியதும் அயலில் வாணங்கள் வெடிக்கத் தொடங்கின. எங்கள் தோல்வியை யாரோ கொண்டாடுவதுபோல ஒவ்வொரு வெடியும் எனக்குக் கேட்டது. ஆட்ட ரசிகனின் துயரத்தில் இது ஒரு வேடிக்கையான பகுதி. உலகம் வழமைபோல இயங்குவதையே அவன் தனக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பாக எடுத்துக்கொள்வான். நான் சாப்பிடவில்லை. பந்து இரண்டு அங்குலம் குறைந்து போயிருந்தால் என்ற கணக்கை எத்தனை முறை போட்டேனோ தெரியாது.

அந்த நிலையில்தான் எழுத உட்கார்ந்தேன். வாரப் பத்திரிகைக்கு அரைப் பக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. எழுதுவதற்கு முன்னரே தலைப்பு வந்துவிட்டது: 'பட்டத்தின் பின்னால் ஓடியவர்'. உதவி ஆசிரியராக நீண்ட காலம் தலைப்புப் போட்டே பிழைத்தவனுக்கு இப்படியொரு சொல் வாய்த்தால் விட மனம் வராது. பட்டம் என்றால் பல்கலைக்கழகப் பட்டம். வாடைக் காற்றில் சிறுவர்கள் துரத்திக்கொண்டு ஓடும் பட்டமும் அதுவே. தலைப்பு தீர்ப்பை எழுதிவிட்டது. அதற்கேற்ற ஆதாரங்களை நான் அடுக்கினேன். காலையில் விமானம் ஏறியவரின் கால் மாலையில் எப்படி எழும்பும் என்று கேட்டேன். ஓர் ஊரே காத்திருக்க ஒரு தாளுக்காகப் போனவர் என்று எழுதினேன். அந்த 'தாள்' என்ற சொல் எனக்கு அப்போது மிகவும் பிடித்திருந்தது.

எழுதாமல் விட்டவையும் உண்டு. கார்ட்டர் 18 எறிதல்களில் ஆறை மட்டுமே விழுத்தி 20 புள்ளிகள் எடுத்தார் என்று எழுதினேன்; மறுபுறத்தில் ஐவர்சனும் 21 புள்ளிகள்தான் எடுத்தார் என்பதை எழுதவில்லை. அவர் அன்று எந்த விழாவுக்கும் போகவில்லை. தன் எறிதல் சரியாக விழாதபோது அவர் பந்தைத் தோழர்களுக்குக் கொடுத்தார். 16 முறை அவரது கைமாற்று புள்ளியானது. எங்களைத் தோற்கடித்தது அதுதான். ஒரு புள்ளியால் முடிந்த ஆட்டத்தில் தவறிய ஒவ்வொரு எறிதலும் சமமான குற்றவாளியே. இதெல்லாம் அன்றிரவும் எனக்குத் தெரியாததல்ல. தலைப்புக்கு உதவாததால் விட்டுவிட்டேன்.

கட்டுரையை அனுப்புவதற்கு முன்னர் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவவுக்குக் கூடைப்பந்தும் தெரியாது, புள்ளியும் தெரியாது. அடுப்படியில் நின்றபடியே முழுவதையும் கேட்டுவிட்டு, "அவன் தாய்க்குக் குடுத்த வாக்கைக் காப்பாத்தியிருக்கிறான். அதில உனக்கென்ன எரிச்சல் தம்பி?" என்றா. நான் ஆட்டத்தின் முக்கியத்துவத்தை விளக்கத் தொடங்கினேன். அவ இடைமறித்தா. "அம்மா சாகுமட்டும் அந்த ஆணியைக் கழட்ட விடேல்லை. தெரியுமோ உனக்கு?"

தெரியும். யாழ்ப்பாணத்து வீடுகளின் முன்விறாந்தையில் அங்கியணிந்த பிள்ளையின் படம் தொங்குவது எத்தகைய விடயம் என்பதை அந்த மண்ணில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான் பேராதனையில் படித்தவன். பட்டமளிப்பு விழா வந்தபோது கொழும்பில் பத்திரிகை அலுவலகம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். விடுப்புக் கேட்டால் வேலையில் அக்கறையில்லாதவன் என்று நினைப்பார்களோ என்ற பயம். அதைவிட, செய்திக்காக விழாவைத் துறந்தவன் என்ற வீறாப்பு. சான்றிதழ் தபாலில் வந்தது. கரவெட்டியில் அம்மா படத்துக்காகச் சுவரில் ஆணி அடித்து வைத்திருந்தா. ஸ்ரூடியோவில் அங்கி வாடகைக்குக் கிடைக்கும், ஒரு படமாவது எடுத்து அனுப்பு என்று கடிதம் எழுதினா. வாடகை அங்கியில் வேடம் போட மாட்டேன் என்று பதில் எழுதினேன். அன்று பத்திரிகையில் என்ன செய்தி வெளிவந்தது என்பது இப்போது எனக்கு நினைவில்லை.

அக்கா கேட்ட பிறகும் கட்டுரையை நான் திருத்தவில்லை. அது அப்படியே அச்சாயிற்று. நல்ல வரவேற்பும் கிடைத்தது. தமிழ்க் கடைகளில் தெரியாதவர்கள்கூடத் தலைப்பைச் சொல்லிச் சிரித்தார்கள். பிள்ளைகள் மருத்துவம் படிக்க வேண்டும், பொறியியல் படிக்க வேண்டும் என்று இரண்டு வேலை செய்த தகப்பன்மார் அவர்கள். பட்டம் வாங்கப் போன ஒருவனை நானும் அவர்களும் சேர்ந்து திட்டிக்கொண்டு நின்றோம். அதிலுள்ள முரண் எங்களில் எவருக்கும் அன்று தோன்றவில்லை.

போர்நிறுத்தம் வந்த பின்னர், 2003இல் நான் கொழும்பு திரும்பினேன். 2004 டிசம்பரில் கார்ட்டர் வேறு அணிக்கு மாற்றப்பட்டார். அவர் பிரிந்த விதமும் கசப்பானது. அதன் பிறகு ரொறன்ரோவுக்கு எதிரணியாளராக வந்தபோதெல்லாம் அவர் கையில் பந்து பட்டதும் அரங்கமே கூச்சலிடும். அந்தக் கூச்சலில் 2001 மே மாதக் காலைப்பொழுதுக்கும் பங்கு இருந்தது என்றே நினைக்கிறேன்.

2019 மே 13ஆம் திகதி அதிகாலை நாலரை மணிக்கு எழுந்து கணினியைத் திறந்தேன். ரொறன்ரோவில் அது முதல்நாள் மாலை. அதே சுற்று, அதே பிலடெல்பியா, அதே ஏழாவது ஆட்டம். இம்முறை கடைசி நொடியில் கவாய் லெனார்ட் எறிந்த பந்து வளையத்தில் நான்கு முறை குதித்து, யோசித்து, உள்ளே விழுந்தது. 92க்கு 90. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்து மூன்று வாரங்களே ஆகியிருந்தன. அன்று வடமேல் மாகாணத்தில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டு, இரவு நாடு முழுவதும் ஊரடங்கு. ஆட்டத்தை நினைக்க நேரமிருக்கவில்லை. அடுத்த மாதம் 13ஆம் திகதி ராப்டர்ஸ் சம்பியனானது. அந்தக் கடைசி ஆட்டத்தில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்த எதிரணிக்காக இறுதி நொடிகளில் எறிந்து தவறவிட்டவர் ஸ்டீபன் கரி; 2001இல் கார்ட்டரிடம் பந்தைக் கொடுத்த டெல் கரியின் மகன். சிறு வயதில் சிறிது காலம் ரொறன்ரோவில் படித்தவர். அவரை யாரும் எங்கே போயிருந்தாய் என்று கேட்கவில்லை. எறிந்தார், விழவில்லை, அவ்வளவுதான்.

2024 நவம்பர் 2ஆம் திகதி ரொறன்ரோ அரங்கில் 15ஆம் இலக்கச் சட்டையைக் கூரைக்கு உயர்த்தினார்கள். அந்த அணி எவருக்கும் செய்த முதல் மரியாதை அது. மருமகன் அரங்கிலிருந்து படம் அனுப்பினான். அவனுக்கு இப்போது முப்பத்தைந்து வயது தாண்டிவிட்டது. அவனுடைய பட்டமளிப்புப் படம் அக்காவின் வீட்டு வரவேற்பறையில் தொங்குகிறது. பக்கத்தில் அக்காவும் அத்தானும் பனிக்குப் போர்த்திக்கொண்டு நிற்கிறார்கள்.

மறுநாள் அக்கா தொலைபேசியில் பேசினா. வீடு மாறப் போகிறார்களாம். பழைய பெட்டிகளை ஒழுங்குபடுத்தியபோது என் கட்டுரை வெட்டிய பத்திரிகைத் துண்டு கிடைத்ததாம். அம்மாவின் கடிதங்களோடு சேர்த்து வைத்திருந்திருக்கிறா.

"மஞ்சளாப் போச்சு. எறியவோ?" என்று கேட்டா.

வேண்டாம், கடிதங்களோடேயே இருக்கட்டும் என்றேன்.