இடம் மாறாமல் பெரிதாகும் படகு

தூரத்தில் தெரியும் படகு ஒன்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விலகாமல், பார்வையில் அதே இடத்தில் இருந்துகொண்டு பெரிதாகி மட்டும் வந்தால், அது நம்மீது மோதும் வழியில் வருகிறது. முறைப்படி இதைத் திசைகாட்டியில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். சிட்னி துறைமுகத்தில், கோடைக்காலச் சனிக்கிழமைப் பிற்பகலில், அதற்கெல்லாம் அவகாசம் கிடைக்காது. பாய்மரத்தைத் தாங்கும் கம்பி ஒன்றை அடையாளமாக வைத்துக்கொண்டு, வருகிற படகு கம்பியைவிட்டு நகர்கிறதா என்று பார்ப்போம். நகர்ந்தால் நிம்மதி.

வடகிழக்குக் காற்று எழுந்ததும் அங்கே பாய்கள் நிறைந்துவிடும். நடுவே மேன்லி ஃபெரி, கயாக்குகள், ரோஸ் பேயில் வந்திறங்கும் கடல் விமானம். ஃபெரிகளால் எனக்குப் பயமில்லை. ஆரஞ்சு நிறச் சாய்சதுரக் குறி தாங்கிய ஃபெரிக்குப் பாய்மரப் படகும் வழிவிட வேண்டும். அது எந்த வழியில் போகும் என்பதும் எங்களுக்குத் தெரியும். என்னை நடுங்கவைப்பது, விடுமுறை நாளில் நண்பர்களை ஏற்றிக்கொண்டு வரும் வேகப்படகு.

1972இல் உருவாகி 1977இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு மோதல் தவிர்ப்பு விதிகளின்படி, சில விலக்குகள் தவிர, மோட்டாரில் ஓடும் படகுதான் பாய்மரப் படகுக்கு வழிவிட வேண்டும். சலுகை போலத் தோன்றும் இதற்குள் ஒரு கடுமையான கடமை இருக்கிறது. வழி பெறும் படகு தன் திசையையும் வேகத்தையும் மாற்றாமல் போக வேண்டும். மற்றவர் விலகமாட்டார் என்று தெளிவான பிறகே நாம் திரும்பலாம். 25 நாட் வேகத்தில் வரும் படகு அரை நிமிடத்தில் ஏறக்குறைய 400 மீட்டரைக் கடந்துவிடும். அந்த அரை நிமிடத்தில் முன்பின் தெரியாத ஒருவரின் மனத்தைப் படித்தாக வேண்டும்.

ஒருமுறை இதே துறைமுகத்தில், பிராட்லிஸ் ஹெட் முனை அருகே அப்படி ஒரு படகு வந்தது. வேகமெடுக்கும்போது அதன் முன்பகுதியான அணியம் மேலே தூக்கியிருந்ததால் ஓட்டுநரின் முகமே எங்களுக்குத் தெரியவில்லை. அப்படியானால் அவருக்கும் நாங்கள் தெரிந்திருக்க வழியில்லை. ஐயத்தைத் தெரிவிக்கும் ஐந்து குறுகிய ஊதல்களையும் ஊதினோம். அவருடைய எஞ்சின் சத்தத்தில் அது கேட்டிருக்காது. சுக்கான் பிடித்திருந்த தோழி படகைக் காற்றுக்கு எதிரே திருப்பி நிறுத்தினார். எங்கள் தலைக்குமேல் பாய் படபடக்க, அந்தப் படகு ஒரு படகு நீள இடைவெளியில் கடந்து போனது. ஓட்டுநர் பின்னால் திரும்பிப் பேசிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் சிரித்துக் கையசைத்தார். அந்தக் கையசைப்பில் துளியும் கெட்ட எண்ணம் இல்லை. என்ன நடக்கவிருந்தது என்பதே அவருக்குத் தெரியாது. எனக்கு இன்றும் ஆறாதது அதுதான். அவர் எழுப்பிய அலை சற்றுப் பின்னால் வந்து, பாயின் அடிமரத்தைத் தலை உயரத்தில் இங்கும் அங்கும் வீசியது.

பாய்மரப் படகிலும் குருட்டுப் பக்கம் உண்டு. முன்பாய் ஒரு பக்கத்தை முழுவதும் மறைத்துவிடும். அதன் அடியில் குனிந்து பார்க்கவென்றே ஓர் ஆள் வேண்டும். காற்றை எதிர்த்துப் போகும்போது நாங்கள் வளைந்து வளைந்து செல்வது, அறியாதவருக்குக் காரணமில்லாத திருப்பமாகத் தெரியலாம். நல்ல கண்காணிப்பு எல்லாப் படகுக்கும் கட்டாயம். ஆனால் வேகம் யார் கையில் இருக்கிறதோ, அவருக்குக் கண்ணும் கூடுதலாக வேண்டும். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸில் மோட்டார் படகை 10 நாட் அல்லது அதற்கு மேற்பட்ட வேகத்தில் ஓட்ட உரிமம் தேவை. பிரிட்டனில் கடலில் சொந்த உல்லாசப் படகை ஓட்ட அதுவும் தேவையில்லை. இது எனக்குச் சரியாகப் படவில்லை.

வேகப்படகு ஓட்டுபவர்களிடம் நான் கேட்பது ஒன்றே. விலகுவதாக இருந்தால் முன்கூட்டியே, எங்கள் கண்ணுக்குத் தெரியும்படி நன்றாகத் திருப்புங்கள். ஐந்து பாகை திருப்பினால் எங்களுக்குத் தெரியாது. முப்பது பாகை திருப்பினால் உங்கள் படகின் பக்கவாட்டு தெரியும். நாங்களும் நேராகப் போய்க்கொண்டிருப்போம்.