பாறைக்குப் பெய்த மழை

கோடம்பாக்கத்தில் நாங்கள் குடியிருந்த தெருவின் கடைசியில் அந்தக் கொட்டகை இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் தகரக் கதவு. ஸ்டுடியோக்களுக்கு மோல்டிங் வேலை எடுத்துச் செய்கிற இடம். உள்ளே நுழைந்தால் முதலில் வச்சிரம் காய்ச்சுகிற வாடை முகத்தில் அடிக்கும், பிறகுதான் ஈரத் தேங்காய் நார். தலையில்லாத துவாரபாலகர், பாதித் தூண், சிங்காதனத்தின் ஒற்றைக் கை, எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் பவுடர் படிந்திருக்கும். பெரியப்பாவின் புருவத்திலும் படிந்திருக்கும். அவர் அங்கே பெயின்டர்.

1978 கோடை விடுமுறை. ஏதோ ஒரு மாயாஜாலப் படத்துக்கு மலைச்சரிவு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மந்திரவாதி கையை நீட்டினால் உச்சியிலிருந்து பாறை பெயர்ந்து விழ வேண்டும். மினியேச்சர், அளவு ஒன்றுக்குப் பதினாறு. 'மாயா பஜார்' படத்துக்காக வாகினியில் துவாரகையையே குட்டியாகக் கட்டி மார்க்கஸ் பார்ட்லி கேமராவில் பிடித்ததைக் கொட்டகைப் பெரியவர்கள் புராணம் மாதிரி சொல்லுவார்கள். அந்தப் படம் வந்தது 1957இல். ஆனால் முந்தாநாள் பார்த்துவிட்டு வந்தவர்கள் மாதிரிதான் பேச்சு.

ரீப்பர் கட்டையில் சட்டம், அதன்மேல் கோழிவலை, வலைமேல் பிளாஸ்டரில் முக்கிய கோணித்துண்டுகள். பிளாஸ்டர் கலக்குவது என் வேலை. தண்ணீரில்தான் பவுடரைத் தூவ வேண்டும். பவுடரில் தண்ணீரை ஊற்றினால் கட்டி கட்டியாகிவிடும், மேஸ்திரி தலையில் குட்டுவார். கொஞ்ச நேரத்தில் பேசன் சுடத் தொடங்கும். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி ஒரு சூடு. அது இறுகி முடிவதற்குள் காய்கறிக் கத்தியால் பெரியப்பா கொத்துவார். செதுக்க மாட்டார். கத்தியைச் செருகித் திருகுவார், அது தானாக உடைந்து விழும். உடைந்த இடம்தான் பாறை மாதிரி இருக்கும், சீவிய இடம் சோப்புக்கட்டி மாதிரி இருக்கும் என்பார்.

வர்ணம் பூசுவதற்கு முந்தின நாள் என்னை மின்சார ரயிலில் பல்லாவரம் கூட்டிப்போனார். குன்றைக் காட்டி, "என்ன கலர்டா?" என்றார். கறுப்பு என்றேன். கீழே கிடந்த ஜல்லி ஒன்றை எடுத்து நீட்டினார். புதிதாக உடைந்த முகம் நீலம் கலந்த கறுப்பு, எண்ணெய் தடவியதுபோல ஒரு மினுக்கு. மறுபக்கம், வெயிலும் மழையும் பட்டது, துருப்பிடித்த தகரத்தின் நிறம். குன்றை மறுபடி பார்த்தேன். சாம்பல், காவி, வெள்ளைத் திட்டு, மேலிருந்து வழிந்த கருங்கோடுகள். கறுப்பைத்தான் தேட வேண்டியிருந்தது.

அந்தக் கல்லின் பெயர் சார்னோக்கைட் என்று மிகவும் பின்னால் தெரிந்துகொண்டேன். கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இந்த ஜாதிதான். அதை ஆராய்ந்து 1893இல் அவர் பெயரையே கல்லுக்கு வைத்தவர் ஹாலந்து என்ற நிலவியலாளர். பெரியப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்திருந்தால், நம்ம ஊர்க் கல்லுக்கு வெள்ளைக்காரன் பேரா என்று ஒரு வாரம் புலம்பியிருப்பார்.

மறுநாள் பாறை முழுக்க ஒரே வெளிர்சாம்பல் அடித்தார். ஆறியதும் விளக்குக்கரியை வச்சிரத்தண்ணியில் மோர்ப்பதமாகக் கரைத்து மேலிருந்து ஊற்றினார். கரித்தண்ணி கீறலுக்குக் கீறல் வழி தேடி இறங்கி, பள்ளங்களில் தங்கியது. மேட்டில் இருந்ததை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தார். அப்புறம் காவியும் மஞ்சள் காவியும் அங்கங்கே தெளித்தார். கடைசியில், பிரஷ்ஷை வெளிர்நிறத்தில் தொட்டு, பழைய லுங்கியில் துடை துடை என்று துடைத்து, இனி ஒன்றும் இல்லை என்கிற நிலையில் பாறைமேல் லேசாக இழுத்தார். விளிம்பு மட்டும் வர்ணத்தை வாங்கிக்கொண்டது. அதுவரை சுவர்போல் இருந்தது, சட்டென்று கனத்தது. ஈரத்தில் அடர்த்தியாகத் தெரிகிற டிஸ்டெம்பர் காய்ந்தால் வெளிறிவிடும் என்பதால் எல்லாவற்றையும் முதலில் சுவரில் தீட்டிக் காயவிட்டுப் பார்ப்பார். அந்தச் சுவர்தான் அங்கே இருந்த ஓவியங்களிலேயே அழகு.

இடது ஓரத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார். பல்லாவரத்தில் பார்த்த கருங்கோடு ஒன்றை ஒரு முழ நீளத்துக்கு இழுத்துவிட்டுப் பெருமையாக நின்றேன். பெரியப்பா பீடியை அணைத்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"இந்தத் தண்ணி எங்கேர்ந்துடா வருது?"

பதில் இல்லை. கோடு தொடங்கிய இடம் வழவழவென்று மொட்டையாக இருந்தது. அவர் கோட்டை அழிக்கவில்லை. அதன் தலைமாட்டில் கத்தியைச் செருகித் திருகி ஒரு விரிசல் உண்டாக்கி, அதற்குள் பச்சைச்சாயம் ஏற்றிய மரத்தூளைத் திணித்தார். "இப்ப வரும்" என்றார்.

படப்பிடிப்பு அன்று விளக்குகளின் சூடு தாங்கவில்லை. 4 அடியிலிருந்து விழும் கல் அரை விநாடியில் தரையைத் தொட்டுவிடும். நிஜத்தில் 64 அடியிலிருந்து விழ 2 விநாடி ஆகும். அதனால் கேமராவை நாலு மடங்கு வேகத்தில், விநாடிக்கு 96 பிரேம் ஓட்டினார்கள். வேகம் கூடக்கூட வெளிச்சமும் கூட வேண்டும். முதல் டேக்கில் எங்கிருந்தோ ஒரு பல்லி வந்து உச்சியில் உட்கார்ந்தது. மந்திரவாதியைவிட அதுதான் பயங்கரமாக இருந்திருக்கும். வெட்டிவிட்டார்கள். மூன்றாவது டேக் ஓகே. மலை சுக்குநூறானது. அன்று மாலையே அதைக் கூட்டி அள்ளி ஒரு மாட்டுவண்டியில் போட்டுக்கொண்டு போனார்கள். பெரியப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சம்பளச்சீட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. வாகினி இருந்த பக்கம் போனால் வணிக வளாகம். வர்ணம் பார்த்த அந்தச் சுவரை இடித்த நாளில் நான் ஊரில் இல்லை.

போன வருடம் ஒரு மத்தியானம் தொலைக்காட்சியில் அந்தப் படம் ஓடியது. மந்திரவாதி கையை நீட்டினார். நான் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டேன். மலை வந்தது. அகலத்திரைக்காகப் படத்தின் மேலேயும் கீழேயும் வெட்டியிருந்தார்கள், விரிசல் போய்விட்டது. இடது ஓரத்தில் என் கோடு மட்டும், எங்கிருந்தும் வராமல், வழிந்துகொண்டிருந்தது.