ஃபெஸ் நகரத்துச் சந்துகளில்

மொராக்கோ தேசத்தின் ஃபெஸ் நகரத்தைக் காண விரும்புகிறவர்களுக்குக் கண்களைவிடக் கால்களே முக்கியம். பழைய மதிலுக்குள்ளே மோட்டார் வண்டிக்கு இடமில்லை. மனிதர்களும், சுமை தூக்கும் கோவேறு கழுதைகளுமே அங்கே ராஜபாட்டையில் செல்லுகிறவர்கள். சந்துகள் மட்டும் ஒன்பதாயிரத்துக்கு மேல் என்று வழிகாட்டி சொன்னார். அவற்றை எண்ணிப் பார்க்க நமக்குத் துணிவில்லை. அவர் பின்னே நடக்கத் தொடங்கினோம்.

நீல ஓடு பதித்த பூஜ்லூத் வாசலில் யாத்திரை ஆரம்பமாகிறது. வெளிப்புறம் நீலம், உட்புறம் பச்சை. ஊருக்கு வருகிறவர்கள் எல்லாரும் இதன் எதிரில் நின்று படம் எடுத்துக்கொள்ளுகிறார்கள். ஆனால், ஆயிரம் ஆண்டு கண்ட நகரத்தின் அடையாளமாகிவிட்ட இந்த வாசல் 1913-ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆட்சியின்போது எழுந்தது! அதற்கு முந்திய ஆண்டு, மார்ச் மாதம் 30-ஆம் தேதி, இதே நகரத்தில்தான் சுல்தான் அப்துல் ஹாபிஸ் தம் தேசத்தைப் பிரான்ஸின் 'பாதுகாப்பில்' ஒப்படைத்துக் கையெழுத்திட்டார். மூன்று வாரம் கழிவதற்குள் சிப்பாய்களும் நகரத்தாரும் கிளர்ந்தெழுந்தார்கள். பீரங்கிகள் பதில் சொல்லின. தலைநகரம் ரபாத்துக்குப் போய்விட்டது.

வாசலைக் கடந்து சரிவான பெரிய வீதியில் இறங்கினால், பூ இனானியா மதரஸா. சுல்தான் அபூ இனான் 1350-இல் தொடங்கி 1355-இல் முடித்த கல்விக்கூடம். கீழே வர்ண ஓடு, நடுவே சுதைச் சித்திரம், மேலே தேவதாரு மரச் செதுக்கு வேலை. ஒரு விரற்கடை அளவுகூட வெறுமையாக விடப்படவில்லை. இந்த அபூ இனானுக்கும் தமிழ் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. உலகம் சுற்றிய இப்ன் பத்தூதா தம் பிரயாண விருத்தாந்தத்தைச் சொல்ல, இப்ன் ஜுஸாய் என்னும் புலவர் எழுதி முடித்தது இவருடைய ஆக்ஞையால், அதே 1355-ஆம் ஆண்டில்தான். மதுரை சுல்தானின் கொடுமைகளைக் கண்டு அருவருத்ததையும், அவ்வூரைச் சூறையாடிய கொள்ளை நோயையும் அந்த யாத்ரீகர் அதில் சொல்லியிருக்கிறார். வைகைக் கரையின் துயரம் இந்த அட்லாஸ் மலை நாட்டில் ஏட்டில் ஏறியதை நினைத்தபோது, ஃபெஸ் நமக்கு அன்னிய ஊராகத் தோன்றவில்லை.

"பாலக்! பாலக்!" என்ற கூச்சல் நம்மைச் சுவரோடு ஒட்டச் செய்தது. 'வழி விடு' என்பது அதன் பொருள். தோல் மூட்டைகளுடன் கோவேறு கழுதை ஒன்று நம்மை உராய்ந்து சென்றது. சற்றுத் தூரத்தில் வீதியின் குறுக்கே ஒரு மரக்கட்டை. இரண்டாம் இத்ரீஸ் அரசரின் சமாதியைச் சுற்றியுள்ள புனித எல்லைக்குள் சுமை மிருகங்கள் நுழையாமலிருக்க வைத்தது அது. மனிதர்கள் குனிந்து போகலாம். அரசரின் சந்நிதிக்குத் தலை வணங்காமல் போகிறவர் இல்லை என்று இதற்கு அர்த்தம் செய்துகொண்டோம்.

அடுத்தது கரவிய்யீன் பள்ளிவாசல். பாத்திமா அல்-பிஹ்ரி என்ற மாதரசி தம் பிதுரார்ஜிதச் செல்வத்தைக் கொண்டு 859-இல் இதை நிறுவினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. காலக்கிரமத்தில் இது பெரிய கலாசாலையாக வளர்ந்தது. 1963-இல் அரசாங்கச் சர்வகலாசாலையாயிற்று. முஸ்லிம் அல்லாதார் உள்ளே செல்ல இயலாது. வாசலில் நின்று வெண்ணிறத் தூண்களைப் பார்த்தோம். இங்கே பயின்ற அல்லால் அல்-பாஸி பிற்காலத்தில் சுதந்திர இயக்கத்தின் தலைவர்களில் ஒருவரானார். 1937 முதல் 1946 வரை காபோனில் நாடு கடத்தப்பட்டிருந்தார். 1944-ஆம் ஆண்டு ஜனவரி 11-ஆம் தேதி சுதந்திரக் கோரிக்கை வெளியாகித் தலைவர்கள் கைதானபோது, இந்தச் சந்துகளிலும் ரத்தம் சிந்தியது. 1956-இல் மொராக்கோ விடுதலை பெற்றது.

கடைசியாகச் சவாரா தோல் பதனிடுமிடம். கடை மாடிக்கு ஏறும்போதே ஒரு புதினாக் கொத்தைக் கையில் கொடுத்தார்கள். காரணம் மூக்குக்கு உடனே விளங்கியது! சுண்ணாம்பும் புறா எச்சமும் கலந்த தொட்டிகளில் தோல் ஊறுகிறது. பிறகு சாயத் தொட்டிகளில் தொழிலாளர்கள் இடுப்பளவு இறங்கி மிதிக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் ஓவியன் ஒருவனின் வர்ணப் பெட்டி போலிருக்கிறது. கீழே நிற்பவனுக்கோ அது வயிற்றுப் பிழைப்பு.

பிரெஞ்சு ஆட்சி ஐரோப்பியருக்கு வெளியே புதிய நகரம் எழுப்பியது. பழைய நகரத்தைத் தொடாமல் விட்டது. அதனால் கட்டடங்கள் பிழைத்தன. ஆனால் புதிய வசதிகள் மதிலுக்கு வெளியே நின்றன. செல்வக் குடும்பங்கள் பல காஸாபிளாங்காவுக்குப் போக, அவர்களுடைய மாளிகைகளில் நாட்டுப்புறத்து ஏழைகள் பல குடித்தனமாகக் குடியேறினார்கள். 1981-இல் இந்நகரம் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. முட்டுக்கொடுத்து நிற்கும் சுவர்களை இன்றும் பல சந்துகளில் காணலாம்.

"சுவரைக் காப்பாற்றப் பணம் வருகிறது. ஆனால் என் தகப்பனார் செய்த தொழிலுக்கு என் பிள்ளை வரமாட்டான்" என்றார் வழிகாட்டி. பையன் படித்து உத்தியோகம் பார்ப்பதில் அவருக்குச் சந்தோஷமே. ஆனால் தொட்டிகள் வற்றிப்போனால் ஊர் என்ன ஆகும் என்ற கவலையும் அவர் குரலில் இருந்தது. பழம் பெருமையைக் காக்க விரும்பும் எந்தத் தேசமும், கல்லுக்குச் செலவிடுவதில் ஒரு பங்கையாவது அந்தக் கல்லின் நிழலில் உழைக்கும் கைகளுக்குச் செலவிட்டாக வேண்டும். ஃபெஸ் நகரத்துச் சந்துகள் நமக்குச் சொன்ன பாடம் இதுவே.